ஒரு மில்லிமீட்டர் வளையம்

ஜெர்மனி தேசத்து வெட்ஸ்லார் நகரில் 1937-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ‘எல்மார்’ என்னும் சிறு வில்லை ஒன்று என் மேசையின்மேல் இருக்கிறது. லென்ஸ் என்று வழக்கில் சொல்வதையே இங்கே வில்லை என்கிறேன். எலுமிச்சம்பழ அளவே உள்ள இந்தப் பித்தளைக் குழலை முன்னே இழுத்துச் சற்றே திருகினால் அது தன் நிலையில் நின்றுகொள்கிறது. ஒளி புகும் துவாரத்தைக் குறுக்கவும் விரிக்கவும் முன்கண்ணாடியின் ஓரத்திலுள்ள கடுகளவு முளை ஒன்றை விரல்நகத்தால் நகர்த்தவேண்டும். அதன் எதிரே 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18 என்று இக்காலக் காமிராக்களில் காணாத பழைய எண்வரிசை பொறிக்கப்பட்டிருக்கிறது. மின்சாரத்தோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத இவ்வில்லையை, மெல்லிய வளையம் ஒன்றின் துணைகொண்டு, எண்பது ஆண்டுகள் பிற்பட்டு 2017-இல் வெளிவந்த லைகா எம்10 என்னும் டிஜிட்டல் காமிராவில் பொருத்தி, காட்சிச் சாளரத்தின் வழியே நோக்கிக் குமிழை அழுத்தினால், நான் குறிவைத்த முகத்தின் இமைமயிர் வரையில் தெளிவாகப் படம் விழுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கைப்பேசியின் மின்னேற்றி புதிய கைப்பேசிக்குப் பொருந்தாமல் போவதைக் கண்டு பழகிவிட்ட நமக்கு, இது சிறிது நின்று யோசிக்கத் தகுந்த அதிசயமேயாகும். எண்பது ஆண்டு இடைவெளியைத் தாண்டி இவை இரண்டும் எவ்வாறு பொருந்தின? மின்கம்பி ஏதுமின்றித் தான் எந்தத் தூரத்தை நோக்கி நிற்கிறது என்பதை அவ்வில்லை காமிராவுக்கு எவ்வாறு தெரிவித்தது? அது தந்த படம் புதிய வில்லையின் படத்தைப் போலில்லாமல் மென்மையாகவும் சற்றே புகைபடிந்தாற்போலவும் இருப்பதற்குக் காரணம் யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடிச் சென்றால், ஒளியியலின் சில அழகிய தத்துவங்கள் தாமே நம் கைக்கு வந்து சேரும்.

முதலில் பொருத்தத்தை எடுத்துக்கொள்வோம். எர்ன்ஸ்ட் லைட்ஸ் தொழிற்சாலையில் ஆஸ்கர் பர்னாக் என்பவர் வடிவமைத்த சிறிய காமிரா, மாக்ஸ் பெரெக் கணித்துத் தந்த வில்லையோடு, 1925-இல் லைப்ஸிக் சந்தையில் லைகா என்ற பெயருடன் உலகத்தின்முன் வைக்கப்பட்டது. அதில் வில்லையைக் கழற்ற இயலாது. பின்னர் 1930-இல் கழற்றி மாற்றும் வசதி வந்தபோதிலும், ஒரு காமிராவுக்கென்று சரிபார்க்கப்பட்ட வில்லை அந்தக் காமிராவுக்கே உரியதாயிருந்தது. இன்னொருவருடைய காமிராவில் அதைத் திருகினால் பிரதிபிம்பம் பிலிமின்மேல் கூர்மையாக விழும் என்பதற்கு உறுதியில்லை. ஏனெனில், வில்லை அமரும் வளையத்திலிருந்து பிலிம் வரையுள்ள ஆழம் காமிராவுக்குக் காமிரா மயிரிழை வேறுபட்டிருந்தது. 1931-இல் இந்த ஆழத்தை 28.8 மில்லிமீட்டர் என்று நிர்ணயித்து, அந்த நிர்ணயத்துக்கு உட்பட்ட வளையங்களில் ‘0’ என்னும் அடையாளத்தைப் பொறித்தார்கள். எந்த வில்லையும் எந்தக் காமிராவுக்கும் பொருந்தும் என்ற வாக்குறுதியே அந்தச் சிறு பூஜ்யம்.

1954-இல் வெளிவந்த எம்3 காமிராவில், 39 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள திருகுமரையைக் கைவிட்டு, ஒரு சொடுக்கில் மாட்டிக் கழற்றத்தக்க புதிய பிணைப்பைக் கொண்டுவந்தார்கள். அப்பொழுதும் அதுவரை தாங்கள் விற்ற வில்லைகளை அவர்கள் மறந்துவிடவில்லை. புதிய காமிராவின் ஆழத்தை 27.8 மில்லிமீட்டராக, அதாவது பழையதினும் சரியாக ஒரு மில்லிமீட்டர் குறைவாக வைத்தார்கள். அந்த ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வளையத்தை இடையில் இட்டால், பழைய வில்லை தனக்கு உரிய 28.8 மில்லிமீட்டர் தூரத்திலேயே போய் அமர்கிறது. இன்றைய டிஜிட்டல் எம் காமிராக்களும் அந்த 27.8 என்னும் அளவை மாற்றவில்லையாதலால், 1954-இல் வகுத்த வழியாலேயே என் எல்மார் 2017-இன் காமிராவுக்குள் பிரவேசிக்கிறது.

இனித் தூரத்தைப் பற்றிய இரண்டாம் வினா. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, முதலில் ஒரு கண்ணாலும் பிறகு மறுகண்ணாலும் பாருங்கள். பின்னாலுள்ள சுவருக்கு முன்னே விரல் இடம் மாறித் தாவுவதுபோல் தோன்றும். விரலை அருகே கொண்டுவந்தால் தாவுதல் பெரிதாகும். தூரத்துப் பனைமரத்தை அவ்வாறு பார்த்தால் தாவுதலே தெரியாது. இதனை இடமாறு தோற்றம் என்பர். ரேஞ்ச்பைண்டர் என்னும் தூரமானி இந்தத் தத்துவத்தையே உபகரணமாக்கியது. காமிராவின் முன்முகத்தில் ஏறத்தாழ 69 மில்லிமீட்டர் இடைவெளியில், அதாவது நம் இரு கண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தினும் சற்றே மிகுந்த இடைவெளியில், இரண்டு சாளரங்கள் இருக்கின்றன. இரண்டின் காட்சிகளும் ஒன்றின்மேல் ஒன்றாக நம் கண்ணுக்கு வருகின்றன. ஒரு காட்சியின் பாதையிலுள்ள ஒளியியல் உறுப்பு சிறிது அசையும்போது அக்காட்சி பக்கவாட்டில் நகர்கிறது. இரட்டையாய்த் தெரியும் முகம் ஒற்றையாகும் கணத்தில், அந்த அசைவின் அளவே தூரத்தின் அளவாகிவிடுகிறது.

அந்த உறுப்பை அசைப்பது வில்லைதான். வில்லையின் பின்புறத்திலுள்ள பித்தளை விளிம்பின்மேல் காமிராவுக்குள்ளிருக்கும் சிறு உருளை ஒன்று சாய்ந்து நிற்கிறது; நாம் வில்லையைத் திருக அது முன்பின் நகர, உருளையும் உடன் நகர, நெம்புகோல் அந்த அசைவைத் தூரமானிக்குக் கொண்டு செல்கிறது. 1932-இல் வந்த ‘லைகா II’ காமிராவில் அமைந்த இந்த ஏற்பாடு அடிப்படையில் இன்றளவும் மாறவில்லை. குவியத் தூரம், அதாவது தொலைதூரக் காட்சி வில்லைக்குப் பின்னே குவியும் தூரம், 50 மில்லிமீட்டராக இல்லாத வில்லைகளில் பின்விளிம்பைத் தக்கபடி சரிவாகக் கடைந்து, அவையும் உருளையின் முன்னே 50 மில்லிமீட்டர் வில்லையைப் போலவே அசையுமாறு செய்கிறார்கள். தாய்மொழி எதுவாயினும் சபையில் எல்லாரும் ஒரே மொழியில் பேசுவதுபோல.

இந்த மொழியில் உச்சரிப்பு எவ்வளவு சுத்தமாயிருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து அடிவானம் வரையுள்ள அத்தனை தூரங்களுக்கும் 50 மில்லிமீட்டர் வில்லை நகரும் மொத்த அளவு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. பத்து மீட்டருக்கு அப்பாலுள்ள உலகம் முழுவதும் அதில் ஏறத்தாழக் கால் மில்லிமீட்டரில் அடங்கிவிடுகிறது. சோவியத் ரஷ்யாவில் செய்யப்பட்ட ஜூபிடர்-8 போன்ற வில்லைகள் இதே திருகுமரையைக் கொண்டவை, விலையும் குறைவு. ஆயினும், லைகா வழக்கில் 50 என்று சொல்லப்படுவதன் மெய்யான குவியத் தூரம் 51.6 மில்லிமீட்டர், அந்த ரஷ்ய வில்லைகள் பின்பற்றிய ஸைஸ் நிறுவனத்தின் வழக்கிலோ அது 52.4 மில்லிமீட்டர். இந்த 0.8 மில்லிமீட்டர் வித்தியாசத்தால், தூரத்து மலையில் பிழையின்றி நிற்கும் அவ்வில்லை, ஒரு மீட்டர் அருகிலுள்ள முகத்தில் கண்ணைக் குறிவைத்தால் கண்ணல்லாத வேறோர் இடத்தில் கூர்மையைக் கொண்டுபோய் வைக்கிறது.

பிலிம் இருந்த காலத்தில் இத்தகைய பிழைகள் அவ்வளவாக வெளியே தெரியவில்லை. பிலிம் சற்றே வளையும் இயல்புடையது. அதன் உணர்பூச்சுக்கும் சிறிது கனமுண்டு. அந்தப் படத்தையும் நாம் ஒரு தபாலட்டை அளவுக்கே பெரும்பாலும் பெரிதாக்கிப் பார்த்தோம். டிஜிட்டல் காமிராவில் பிலிமின் ஸ்தானத்திலுள்ள உணரியோ, வளைதல் அறியாத சமதளம். எம்10 காமிராவில் அதன் ஒளியுணரும் கட்டம் (பிக்ஸல்) ஒவ்வொன்றும், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றில் ஆறு கூறு அகலமே உடையது. படத்தின் ஒரு மூலையைத் திரைமுழுதும் விரித்துப் பார்ப்பதும் இன்று கண நேர வேலை. வில்லை மாறவில்லை; அதைப் பரிசோதிக்கும் ஆசிரியர்தான் மாறியிருக்கிறார்.

இந்தப் புதிய ஆசிரியர் கண்டுபிடித்துச் சொல்லும் குறைகளுள் சூட்சுமமானது ஒன்றுண்டு. லுட்விக் பெர்டெலே என்னும் மேதை 1930-களின் தொடக்கத்தில் ஸைஸ் நிறுவனத்துக்காக வகுத்த ஸொன்னார் வகை வில்லைகளைத் துவாரம் முழுவதும் திறந்து சரியாகக் குறிவைத்தபின், துவாரத்தை மட்டும் சிறிது குறுக்கிப் படமெடுத்தால், கூர்மை குறிவைத்த இடத்தை விட்டுப் பின்னே நகர்ந்துவிடுகிறது. ஈர்க்குக்கட்டு ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். எல்லா ஈர்க்குகளும் ஓரிடத்தில் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. ஆனால் வெளிப்புறத்து ஈர்க்குகள் சற்று முன்பாகவும் நடுவிலுள்ளவை சற்றுப் பின்பாகவும் கடக்கின்றன என்று வைத்துக்கொண்டால், கட்டின் மிகக் குறுகிய இடை இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ அமையும். வெளிப்புறத்து ஈர்க்குகளை உருவிவிட்டாலோ, அந்த இடை பின்னே நகரும். வில்லையின் ஓரத்தில் புகும் கிரணங்களும் நடுவில் புகும் கிரணங்களும் இவ்வாறு வெவ்வேறிடத்தில் குவிவதைக் கோளப் பிறழ்ச்சி என்பர். துவாரத்தைக் குறுக்குவது ஓரத்துக் கிரணங்களை உருவிவிடுவதேயாகும். தூரமானியோ பித்தளை விளிம்பின் அசைவை மட்டுமே அறியும். ஒளிக்குள் நடந்த இந்த மாறுதல் அதற்குத் தெரிய வழியில்லை.

இதை யாரும் வீட்டிலேயே பிரத்தியட்சமாகக் காணலாம். செய்தித்தாள் ஒன்றை மேசையில் விரித்து, காமிராவை முக்காலியில் சாய்வாக நிறுத்தி, நடுவரி ஒன்றைக் குறிவைத்து, வேறெதையும் தொடாமல் ஒவ்வொரு துவார அளவிலும் ஒரு படம் எடுத்து, எந்த வரி கூர்மையாக விழுந்தது என்று பாருங்கள். நகர்வு உண்டென்றால், அது எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது அந்த வரிகளிலேயே எழுதியிருக்கும். அதை ஒருமுறை அறிந்துகொண்டவன் அந்த அளவுக்கு முன்னோ பின்னோ தலையைச் சாய்த்துப் படமெடுக்கக் கற்றுக்கொள்கிறான்.

மூன்றாம் வினாவாகிய புகைபடிந்த மென்மைக்கு வருவோம். இரவில் விளக்கேற்றிய அறையின் ஜன்னல் கண்ணாடியில் நம் முகமே தெரிவதை எல்லாரும் கண்டிருக்கிறோம். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எல்மாருக்குள் நான்கு கண்ணாடிகள் மூன்று தொகுதிகளாக அமைந்திருப்பதால், காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு. ஆறையும் கடந்து பிலிமை அடையும் ஒளி 78 சதவிகிதமே. இழப்பு மட்டுமாயின் பெரிய தீங்கில்லை. ஒரு பரப்பில் திரும்பிய ஒளி இன்னொரு பரப்பில் மோதி மறுபடி முன்னே வருவதில்தான் தீங்கு இருக்கிறது. ஆறு பரப்புகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 15 ஜோடிகள். எட்டுப் பரப்புகளானால் 28. ஒவ்வொரு ஜோடியிலும் அலைந்து திரிந்த ஒளி, சேரவேண்டிய இடத்தில் சேராமல் படம் முழுவதும் பரவி, கரிய நிழல்மேல் மெல்லிய சல்லாத் துணியைப் போர்த்தினாற்போல் படிகிறது. ஸொன்னாரில் பெர்டெலே ஏழு கண்ணாடிகள் வரை பயன்படுத்தியும், அவற்றை ஒட்டிச் சேர்த்துக் காற்றைத் தொடும் பரப்புகளை ஆறுக்குமேல் போகாமல் வைத்ததன் மர்மம் இதுவே.

இதற்கு மருந்து எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1890-களில் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்னும் ஒளியியலாளர், காலப்போக்கில் மேற்பரப்பு மங்கிப்போன பழைய வில்லைகள் புத்தம் புதியவற்றினும் அதிக ஒளியை உள்ளே விடுவதைக் கவனித்தார். பழுது என்று எண்ணப்பட்டதே குணமாய் முடிந்த விந்தை அது. மங்கிய மேற்பரப்பு ஒரு மெல்லிய படலமாக அமைய, படலத்தின் மேல்முகத்திலிருந்து திரும்பும் அலையும் அடிமுகத்திலிருந்து திரும்பும் அலையும் ஒன்றையொன்று எதிர்த்து அடங்கிவிடுகின்றன. ஊஞ்சலை இருவர் ஒரே சமயத்தில் இருபுறமிருந்தும் தள்ளினால் அது அசையாமல் நிற்பதுபோல. திரும்பவேண்டிய ஒளி திரும்ப இயலாமையால் உள்ளே செல்கிறது. இந்தப் படலத்தைத் திட்டமிட்டுப் பூசும் வழிக்கு ஸைஸ் நிறுவனத்தின் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா 1935-இல் காப்புரிமை பெற்றார். உலகப்போருக்குப் பின் பிறந்த வில்லைகளின் முகத்தில் நாம் காணும் நீலமும் ஊதாவும் அந்தப் பூச்சின் நிறங்களே. 1937-இல் பிறந்த என் எல்மாருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

புகை உண்மையில் எவ்வளவு என்று அறிய எளிய சோதனை உண்டு. உள்ளே கறுப்புத் துணி ஒட்டிய பெட்டியில் சிறு துளையிட்டு, வெயிலில் பளிச்சிடும் வெள்ளைத் தாளின் நடுவே அதை வைத்துப் படமெடுங்கள். துளைக்குள்ளிருந்து ஒளி ஏதும் வர நியாயமில்லையாதலால், படத்தில் துளை எவ்வளவு சாம்பல் நிறமாகத் தெரிகிறதோ அவ்வளவும் வில்லைக்குள் அலைந்த ஒளியே. இந்தத் திரை பெரும்பாலும் படம் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதால், டிஜிட்டல் படத்தில் கறுப்பின் அளவைச் சற்றுக் கீழே இறக்கி அதை ஏறக்குறைய விலக்கிவிடலாம். வெயிலைப் பக்கவாட்டில் மறைக்கும் ஒரு மூடியோ, ஒரு கையின் நிழலோ, அதன் பெரும்பகுதியை வராமலே தடுத்துவிடும்.

இதுவரை சொன்னவை எல்லாம் வில்லையின் குணதோஷங்கள். உணரியும் வில்லையும் ஒன்றையொன்று அறியாமல் பிறந்ததனால் மட்டுமே விளைந்த குறை ஒன்றும் இருக்கிறது. உணரியின் ஒவ்வொரு கட்டமும் ஒரு சிறு கிணறு போன்றது. உச்சிவேளைச் சூரியன் கிணற்றின் அடியிலுள்ள நீரில் பளபளக்கிறான்; காலைச் சூரியனோ கிணற்றுச் சுவரைத் தொடுவதோடு நின்றுவிடுகிறான். 1960-களில் வந்த 21 மில்லிமீட்டர் ஸூப்பர்-ஆங்குலோன் போன்ற அகன்ற கோண வில்லைகளின் பின்கண்ணாடி காமிராவுக்குள் ஆழப் புகுந்து பிலிமை அணுகி நிற்பதால், படத்தின் ஓரங்களுக்குக் கிரணங்கள் மிகச் சாய்வாகவே போய்ச் சேருகின்றன. பிலிமுக்குச் சாய்ந்த ஒளியும் ஒளியே. உணரியின் ஓரத்துக் கிணறுகளிலோ ஒளி குறைவதோடு, ஒரு நிறத்துக்குரிய ஒளி அடுத்த நிறத்தின் கிணற்றில் சிந்தி, ஓரங்களில் செம்மையும் பசுமையும் படர்கின்றன. இது வில்லையின் பிழையன்று என்பதை எவ்வாறு அறிவோம்? அதே வில்லை பிலிமில் இந்த நிறங்களைக் காட்டுவதில்லை. வில்லையின்முன் பால்வெள்ளைத் தாளைப் பிடித்து ஒரு படம் எடுத்தால், அதில் தோன்றும் நிறம் அத்தனையும் உணரியின் கணக்கில் சேரும். அந்தப் படத்தை வைத்தே மற்றப் படங்களைத் திருத்தவும் முடியும்.

தூரமானி காமிராவை டிஜிட்டலாக்கியவர்கள் போராடியது பெரும்பாலும் இந்தச் சாய்ந்த ஒளியோடுதான். 2004-இல் வந்த முதற் காமிராவாகிய எப்ஸன் ஆர்-டி1, பிலிம் கட்டத்தினும் சிறிய உணரியோடு நின்று, ஓரங்களின் தொல்லையிலிருந்து பெரும்பாலும் விலகிக்கொண்டது. 2006-இல் வந்த லைகா எம்8-இல், சாய்ந்த கிரணங்கள் கெடாதிருக்க வேண்டி உணரியின் முன்னுள்ள வடிகட்டிக் கண்ணாடியை அரை மில்லிமீட்டருக்கு மெலிய வைத்தார்கள். அது அகச்சிவப்பு ஒளியைப் போதிய அளவு தடுக்கவில்லை. கறுப்புச் செயற்கை நூலாடைகள் அவ்வொளியை மிகுதியாகத் திருப்புவதால் படத்தில் ஊதா நிறமாய் விழுந்தன. வில்லையின் முன்னே தனி வடிகட்டி மாட்டித்தான் அதைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. ஒரு மூலையை இழுத்தால் மறு மூலை சுருங்கும் போர்வைபோல, ஒன்றைப் பேண மற்றொன்றைக் கொடுக்கவேண்டியதே ஒளியியலின் இயல்பு.

பிலிம் கட்டத்தின் முழு அளவாகிய 24-க்கு 36 மில்லிமீட்டர் உணரி 2009-இன் எம்9 காமிராவில்தான் அமைந்தது. கிணறுகளின் வாயில் ஒளியைச் சேர்த்து உள்ளே விடும் நுண்வில்லைகள் உண்டு. சாரல் வரும் திசை நோக்கிப் புனலை நகர்த்தி மழைநீர் பிடிப்பதுபோல, உணரியின் ஓரத்துக்குச் செல்லச் செல்ல இந்த நுண்வில்லைகளை நடுவை நோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்தி வைத்தார்கள். வில்லையின் விளிம்பில் கறுப்பும் வெள்ளையுமாக ஆறு புள்ளிகளைத் தீட்டி, அவற்றை ஒளியால் படித்து இன்ன வில்லை என்று காமிரா அறிந்து ஓரத்து நிறத்தைத் திருத்துமாறும் செய்தார்கள். 2022-இல் வந்த எம்11-இன் உணரியில் ஒளி பின்புறமாகவே உட்புகுவதால், கிணற்றின் ஆழமே குறைந்திருக்கிறது.

ஆகவே, பழைய வில்லையைக் குறையற்ற மாயக் கண்ணாடி என்று புகழ்வதும் பிழை. காலம் கடந்த பண்டம் என்று தள்ளுவதும் பிழை. அதன் மென்மை ஆறு பரப்புகளின் கணக்கு. அதன் நகர்வு கோளப் பிறழ்ச்சியின் கணக்கு. அதன் ஓரத்து நிறம் உணரியின் கணக்கு. இம்மூன்றையும் பிரித்தறிந்தவனுக்கு அவ்வில்லை எந்த வெளிச்சத்தில் எதைத் தரும் என்பது முன்கூட்டியே தெரியும். எதிர்வெயிலில் நிற்கும் முதியவரின் முகத்துக்கு அந்த மெல்லிய திரையை வேண்டுமென்றே அழைத்துக்கொள்வதும், செதுக்குச் சிற்பத்தின் கூர்மைக்குப் புதிய வில்லையை நாடுவதும் அப்பொழுது அவனுடைய விருப்பம்.

பாட்டனார் காலத்து வில்லை ஏதேனும் உங்கள் வீட்டு அலமாரியில் உறங்குமானால், அதை வெளியே எடுத்து, துவாரத்தை முழுதும் திறந்து, ஒரு பக்கம் கைவிளக்கைப் பிடித்து மறுபக்கமாக நோக்குங்கள். முன்கண்ணாடியில் ஓரிரு கீறல்கள் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். உள்ளே பனிபோல் மங்கல் படர்ந்திருந்தால், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் துடைக்கச் செய்யலாம். சிலந்தி இழைபோல் கிளைத்த பூஞ்சை தெரிந்தால் தாமதிக்கலாகாது, ஏனெனில் அது கண்ணாடியையே அரிக்கவல்லது. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தோலுறை ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சைக்கு வீடாகிவிடும். வில்லையை அதிலிருந்து எடுத்து உலர்ந்த இடத்தில் வையுங்கள்; அடிக்கடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து படமெடுங்கள்.